ஊசியைப் பாக்காத, டாக்டர் மூக்கைப் பாரு: குழந்தைகளிடம் அறிவுரை கேட்டு எழுதிவைக்கும் முறை

ஐந்து வயதுக்கான தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு வந்த ஒரு குழந்தையிடம், "அடுத்து தம்பி போகப்போறான், அவனுக்கு என்ன சொல்லுவ?" என்று கேளுங்கள். "ஊசியைப் பாக்காத, டாக்டர் மூக்கைப் பாரு" என்கிற மாதிரி ஒரு பதில் வரும். கேட்டவுடன் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்து முடித்ததும், அதே இடத்தில் நாம் என்ன சொல்வோம் என்று யோசியுங்கள். "பயப்படாதே, வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்." இதில் ஒன்றுகூட அந்தச் சின்னவனுக்கு உதவாது. பயப்படாமல் இருப்பது எப்படி என்று நாம் சொல்லவில்லை. ஊசி வலிக்கும். எறும்பு கடித்தாலும் அழுகைதான் வரும். அக்காவோ கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று இடத்தைக் காட்டிவிட்டாள். கவனம் வேறு பக்கம் போனால் ஊசி வலி குறைவாகத் தெரியும் என்பதால்தான் தடுப்பூசி போடுபவர்களும் பொம்மையைக் காட்டுகிறார்கள், பேச்சுக் கொடுக்கிறார்கள்.

குழந்தைகளின் அறிவுரை சிரிப்பை மூட்டுவதற்கும் பலிப்பதற்கும் காரணம் ஒன்றுதான். பொதுப்படையாகப் பேச அவர்களுக்கு இன்னும் வரவில்லை. தான் செய்து பார்த்ததை, தன் கண்ணில் பட்டதை, அந்த அளவோடும் அந்த இடத்தோடும் சொல்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கவும், கெடாமல் எழுதிவைக்கவும் சில முறைகள் உண்டு. வீட்டிலும் அங்கன்வாடியிலும் தொடக்கப்பள்ளியிலும் குழந்தைகளோடு நாள் முழுவதும் இருப்பவர்களுக்குக் கைவந்த முறைகள்தான் அவை.

முதலில் கேள்வி. "வாழ்க்கைன்னா என்ன?" என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் கேட்டால் விழிக்கும். "பெரியவனானா என்ன ஆவ?" என்றால் டாக்டர், போலீஸ், கலெக்டர் என்று யாரோ சொல்லிக்கொடுத்த பதில் வரும். நல்ல கேள்வியில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: குழந்தைக்குத் தெரிந்த ஒரு ஆள், அந்த ஆளுக்கு இப்போது இருக்கும் ஒரு தொல்லை, அதற்கு என்ன செய்வது என்கிற கேள்வி. "தாத்தாவுக்கு ராத்திரி தூக்கமே வரல, என்ன பண்ணலாம்?" "பக்கத்து வீட்டுப் பாப்பா ஜூன் மாசம் ஸ்கூலுக்குப் போகப்போறா. முதல் நாள் என்ன பண்ணணும், சொல்லிக்கொடு." "அத்தைக்குக் கல்யாணம் ஆகப்போகுது. புது மாமாகிட்ட எப்படி நடந்துக்கணும்?" தொல்லை உண்மையானதாக இருக்கட்டும். தாத்தா நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறவர் என்றால், பிள்ளை நம்மைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விடும்.

முதல் பதிலோடு நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்கிற தவறு. முதல் பதில் பெரும்பாலும் பெரியவர்களிடம் கேட்டு மனதில் பதிந்ததாக இருக்கும். குழந்தையின் சொந்தச் சரக்கு இரண்டாவது, மூன்றாவது பதிலில்தான் வரும். அதை வரவழைக்க ஒரு வாக்கியம் போதும்: "அதைப் பண்ணியாச்சு, இன்னும் சரியாகல." நாலு வயதுப் பேத்தியோடு இந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று பாருங்கள்.

"பாட்டிக்கு முட்டி வலிக்குதாம். என்ன பண்ணலாம்?"

"தைலம் தேய்க்கணும்."

"தேய்ச்சாச்சு. இன்னும் வலிக்குதாம்."

"அப்போ படி ஏறாத பாட்டி."

"மாடியில துணி காயுதே, யார் எடுக்கறது?"

"தாத்தா எடுக்கட்டும். தாத்தா சும்மா டிவிதான பாக்குறாரு."

தைலம் விளம்பரத்திலிருந்து வந்தது. படி ஏறாதே என்பது டாக்டர் சொன்னதைக் கேட்டது. தாத்தா சும்மா இருக்கிறார் என்பது மட்டும்தான் குழந்தை தானே கண்டுபிடித்தது. அந்த வீட்டில் வேலை எப்படிப் பங்குபோடப்பட்டிருக்கிறது என்பதை அதற்குமுன் யாரும் அவ்வளவு வெளிச்சமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்றிலிருந்து தாத்தா துணி எடுக்கப் போனால் முட்டிக்கும் நல்லது.

கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளில் ஆராய்ந்து சொன்னது இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு வினாடிகூடப் பொறுப்பதில்லை, மூன்று வினாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகவும் யோசனையோடும் வருகின்றன. பள்ளி வயது வராத குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். மனதுக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை மெதுவாக எண்ணலாம். அந்த இடைவெளியில் முகத்தையே உற்றுப் பார்க்கக் கூடாது, குழந்தைக்கு அது பரீட்சை மாதிரி ஆகிவிடும். இருவர் கையிலும் ஏதாவது வேலை இருந்தால் நல்லது. பட்டாணி உரிப்பது, கீரை ஆய்வது, துணி மடிப்பது, களிமண் உருட்டுவது. கை ஓடும்போது வாய் தானாகத் திறக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பசி நேரமும் தூக்கம் சொக்கும் நேரமும் கூடாது, அப்போது எல்லாக் கேள்விக்கும் "தெரியாது போ" என்பதே பதில்.

எழுதிவைப்பதில் முக்கியமானது வேகம். கால் மணி நேரம் போனால் நம் மூளை அந்த வாக்கியத்தைத் திருத்தி இலக்கணப்படுத்திவிடும். "தாத்தா சும்மா டிவிதான பாக்குறாரு" என்பது "தாத்தா ஓய்வாகத்தானே இருக்கிறார்" என்று மாறிவிட்டால் அதில் உயிரே இல்லை. சொன்னபடியே, கொச்சையும் தப்பும் சேர்த்து எழுதுங்கள். நூறு பக்க நோட்டு ஒன்றும் பால்பாயின்ட் பேனாவும் சமையலறையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்திலும் குளிக்கும்போதும் படுக்கையிலும்தான் பேச்சு அதிகம் வரும். ஈரக் கை பட்டாலும் பால்பாயின்ட் மை அவ்வளவாகக் கலையாது. மைப்பேனாவும் பல ஜெல் பேனாக்களும் கலைந்து பரவிவிடும்.

ஒரு குறிப்பு இப்படி இருந்தால் போதும்:

12.6.2024. 4 வ 3 மா. ராத்திரி தோசை சாப்பிடும்போது. கேட்டது: பாப்பா அழுதா என்ன பண்ணணும்? சொன்னது: "பால் குடு. அப்பவும் அழுதா அம்மாகிட்ட குடுத்துட்டு நீ வெளிய வந்துடு."

வயதை வருடத்தோடு மாதத்தையும் சேர்த்து எழுதுவது அவசியம். மூன்று வயது முதல் மாதமும் மூன்று வயது பதினோராம் மாதமும் ஒன்றல்ல. அதற்குள் பேச்சு முழுக்க மாறிவிடும். நாம் கேட்ட கேள்வியையும் எழுதாமல் விடக் கூடாது. அது இல்லாவிட்டால் சில வருடம் கழித்துப் படிக்கும்போது பாதிப் பதில்கள் எதற்கு வந்தவை என்றே புரியாது. பைக்கில் போகும்போது முன்னால் உட்கார்ந்த பிள்ளை ஏதாவது சொன்னால், அதில் மூன்று சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு வீடு வரும்வரை மனதில் சொல்லிக்கொண்டே வாருங்கள். முழு வாக்கியத்தை நினைவில் வைக்கப் பார்த்தால் அதுவே மாறிப்போகும்.

சார்லஸ் டார்வின் தன் மூத்த மகன் 1839 டிசம்பரில் பிறந்ததிலிருந்து இப்படித் தேதியோடு குறித்துவைத்தார். அந்தக் குறிப்புகளை 1877இல்தான் 'மைண்ட்' என்ற இதழில் கட்டுரையாக வெளியிட்டார். முப்பத்தேழு வருடம் கழித்தும் அவை பயன்பட்டதற்குக் காரணம் வயதும் சூழலும் துல்லியமாக இருந்ததுதான். ஒரு வயது நிறைந்தபோது குழந்தை சாப்பாட்டுக்குத் தானாக ஒரு சொல் உண்டாக்கியது என்றும், அதை 'மம்' என்று கேள்வி கேட்பதுபோல் கடைசியில் இழுத்துச் சொன்னது என்றும் எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் 'மம்மம்' ஊட்டுகிறவர்களுக்கு இதைப் படிக்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்! தொனியையும் அவர் விடவில்லை என்பதைக் கவனியுங்கள். "கெஞ்சலாக", "ரகசியமாகக் காதில்", "கையை இடுப்பில் வைத்துக்கொண்டு" என்று ஓரத்தில் ஒரு சொல் எழுதினாலே காட்சி மனதில் நின்றுவிடும்.

போனில் பதிவு செய்யலாமா? செய்யலாம். ஆனால் வீடியோ வேண்டாம். கேமரா திரும்பியதும் மூன்று வயதிலேயே குழந்தை நடிக்க ஆரம்பித்துவிடும், முகத்தைச் சுளிக்கும், பாட்டுப் பாடும். குரல் பதிவைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வையுங்கள். அன்றிரவே நோட்டில் எழுதிவிடுங்கள், பதிவுகள் குவிந்தால் யாரும் திரும்பக் கேட்பதில்லை.

இனி, அவர்கள் ஏன் அப்படிப் பேசுகிறார்கள் என்பது. இது தெரிந்தால் எதைத் திருத்தலாம், எதை விடலாம் என்பது புரியும். தமிழில் நாம் பேசுவது முக்கால்வாசி மரபுத்தொடர். குழந்தை அதைச் சொல்லுக்குச் சொல் வாங்கிக்கொள்ளும். "உயிரை வாங்காத" என்றால் "எத்தனை ரூபா?" என்று கேட்கும். "பால் திரிஞ்சுபோச்சு" என்றால் "எங்கெல்லாம் திரிஞ்சுச்சு?" "வயிறு எரியுது" என்று அம்மா புலம்பினால் சொம்பில் தண்ணீரோடு வந்து நிற்கும். அம்மா அப்பாவை "ஏங்க" என்று கூப்பிடும் வீடுகளில் பிள்ளையும் கொஞ்ச நாள் அப்பாவை "ஏங்க" என்றே கூப்பிடும். அவர் பெயர் அதுதான் என்று முடிவுகட்டியிருக்கும். காலமும் அப்படித்தான். நடந்ததெல்லாம் 'நேத்து', நடக்கப்போவதெல்லாம் 'நாளைக்கு'. நாளைக்கு ஊருக்குப் போகலாம் என்று சொல்லிப் படுக்கவைத்தால், காலையில் எழுந்ததும் "இன்னைக்குதான் நாளைக்கா?" என்று கேட்கும். இது தப்பே அல்ல, மிகச் சரியான கேள்வி. "ஆமா, நேத்து சொன்ன நாளைக்கு இதுதான்" என்று பதில் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். "அப்படிச் சொல்லக் கூடாது" என்று உடனே திருத்தினால், அடுத்த முறை கேட்பதற்கே யோசிக்கும். சரியான வடிவத்தை நம் பதிலுக்குள் வைத்துச் சொன்னால் போதும், நாளடைவில் தானாகச் சரியாகிவிடும்.

அறிவுரைகளைச் செய்து பார்க்கவும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சும்மா சேர்த்துவைத்துச் சிரிப்பதற்கு மட்டும் என்றால் குழந்தைக்கு அது சீக்கிரம் தெரிந்துவிடும்.

"ஒரு தோசை வேணாம், நாலு தோசை குடு" என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்கு ஒரு தோசையை நாலாகக் கிழித்து வைத்தால் நாலு தோசை சாப்பிட்ட பெருமையோடு எழுந்துபோகும். ஏமாற்று வேலை என்று தோன்றும், ஆனால் பிள்ளை சொன்னதைச் சொன்னபடி செய்கிறோம், அவ்வளவுதான். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே காட்டியது இதைத்தான்: ஏழு வயது வாக்கில் வரும்வரை பல குழந்தைகள் அளவைத் தோற்றத்தை வைத்தே முடிவுசெய்கிறார்கள். ஒரே அளவு நீரை அகலமான கிளாஸிலிருந்து ஒல்லியான உயரமான கிளாஸுக்கு மாற்றினால் கூடிவிட்டது என்பார்கள். ஆகவே பால் குடிக்க மறுக்கிற பிள்ளைக்கு உயரமான டம்ளர் எதிரி. அதே 150 மில்லியை அகலமான கிண்ணத்தில் ஊற்றினால் "கொஞ்சமாத்தான் இருக்கு" என்று குடித்துவிடும். அதிகம் கேட்கிற பண்டத்துக்கு இதைத் திருப்பிப் போடலாம். ஒரு முறுக்கை உடைத்து ஐந்து துண்டாகத் தட்டில் பரப்பினால் இன்னொன்று கேட்பது குறையும். இதெல்லாம் பிள்ளை எண்ணத் தெரிந்து, எடை தெரியாத வயதுவரை பலிக்கும். ஏழு, எட்டில் "ஒரே தோசையைத்தான கிழிச்சிருக்க" என்று சொல்லிவிடும். அன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"அழுகை வந்தா தண்ணி குடி." இதுவும் பலிக்கிறது. விழுங்கும்போது மூச்சை ஒரு கணம் நிறுத்தியாக வேண்டும், அதனால் தேம்பல் தொடர்ச்சி அறுந்துபோகும். தேம்பல் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் கொடுக்காதீர்கள், புரைக்கேறும். கொஞ்சம் தணிந்த பிறகு ஒவ்வொரு வாயாகக் கொடுங்கள். "பிடிக்காத காயை முதல்ல சாப்பிட்டுடு, அப்பளத்தைக் கடைசியா வெச்சுக்கோ" என்பதில் பசி இருக்கும்போதே கஷ்டமானதை முடிக்கும் கணக்கு இருக்கிறது. "கணக்கு தெரியலைன்னா பக்கத்துல பாக்காத, அவனுக்கும் தெரியாது" என்பதை எந்த வயதிலும் கடைப்பிடிக்கலாம். "தாத்தா ஒரே கதைய மறுபடி சொன்னாலும் 'அப்புறம்?'னு கேளு" என்பதைக் கேட்டால் அந்த வீட்டுத் தாத்தா கொடுத்துவைத்தவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்க நல்ல சந்தர்ப்பம் வளைகாப்பு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, சொந்தக்காரப் பிள்ளைகள் பத்துப் பேராவது வந்திருப்பார்கள். பெரியவர்கள் வளையல் அடுக்கும் நேரத்தில் அவர்களுக்கு வேலையும் இருக்காது. ஏ4 அளவு கெட்டித் தாளை நாலாக வெட்டி, ஆளுக்கு இரண்டு அட்டை கொடுங்கள். இரண்டாவது, முதல் அட்டை கெட்டுப்போனால் மாற்றாக. பிறக்கப்போகும் பாப்பாவுக்கு இந்த வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லச் சொல்லுங்கள். "மாமா ஆபீஸ்லருந்து வந்ததும் செருப்பைக் கழட்டுற வரைக்கும் எதுவும் கேட்காத" என்கிற ரகத்தில் வரும்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் முதலில் படம் வரையட்டும். வரைந்துகொண்டே பேசுவார்கள், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம். ஆறு வயதுக்கு மேல் முதலில் பேச்சு, பிறகுதான் படம். இல்லாவிட்டால் ஸ்கெட்ச் பேனாவால் ஓரத்துக்குப் பார்டர் போடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடும். எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்துக் கேட்டால் முதலில் பேசிய பிள்ளை சொன்னதையே மற்ற ஒன்பது பேரும் சொல்வார்கள். ஒவ்வொருவராக ஓரமாகக் கூப்பிட்டு, வாயே திறக்காத பிள்ளையிலிருந்து ஆரம்பியுங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கையைச் சேர்த்துக் கேட்கவே கூடாது, பெரியது சின்னதைத் திருத்தும்.

அட்டைகளை லேமினேட் செய்யக் கொடுக்காதீர்கள். மெழுகு கிரேயான் அந்தச் சூட்டில் உருகிப் படம் இழுபட்டுவிடும். பிளாஸ்டிக் உறை வைத்த ஃபைலில் செருகினால் போதும். ஸ்கெட்ச் பேனா எழுத்து வெயில் பட்டால் வெளுத்துப்போகும் என்பதால், சொன்ன வாக்கியத்தைப் பின்பக்கத்தில் பென்சிலிலோ பால்பாயின்டிலோ ஒருமுறை எழுதிவிடுங்கள்.

கெடுவது பெரும்பாலும் நம் சிரிப்பால்தான். குழந்தை மும்முரமாகச் சொல்லும்போது அறை முழுக்க வெடித்துச் சிரித்தால், ஒன்று முகத்தை மூடிக்கொண்டு ஓடும், இல்லையென்றால் அதே வரியை அன்று முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லும். இரண்டிலும் அடுத்த நல்ல பதில் வராது. "இதை நான் எழுதி வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும். "பெருசா எழுது" என்று கூடவே நின்று சொல்லும். வந்த விருந்தாளி முன்னால் "அன்னைக்குச் சொன்னியே, அதைச் சொல்லு" என்று நிறுத்தக் கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும் அதே வகைதான். உங்களுக்கு அது செல்லமான ஒரு வரி. ஆனால் மறுநாள் பள்ளியில் இன்னொரு பிள்ளையின் அம்மா அதைச் சொல்லிச் சிரிப்பதைக் கேட்கப்போவது குழந்தை.

வகுப்பில் இதைச் செய்யும் ஆசிரியர்கள் ஒன்றை முன்கூட்டியே நினைத்துக்கொள்ள வேண்டும். அறிவுரை கேட்டால் வீட்டு ரகசியமும் சேர்ந்தே வரும். "அப்பா பாட்டில் வாங்கிட்டு வந்தா கட்டிலுக்கு அடியில போயிடணும்" என்று ஒரு பிள்ளை சாதாரணமாகச் சொல்லும், மற்ற பிள்ளைகள் சிரிக்கவும் செய்வார்கள். அங்கே நீங்கள் சிரிக்கக் கூடாது, துருவித் துருவி விசாரிக்கவும் கூடாது. "நல்லவேளை சொன்ன" என்று மட்டும் சொல்லி, சொன்ன வார்த்தையை அப்படியே தேதியோடு குறித்துக்கொண்டு, தலைமை ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். அடி, பட்டினி, தவறான தொடுகை பற்றிய பேச்சு என்றால் 1098 குழந்தைகள் உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. அந்தக் குறிப்பு வேடிக்கை நோட்டில் இருக்கக் கூடாது.

ஒன்பது, பத்து வயதில் பிள்ளையே நோட்டை எடுத்துப் படிக்கும். சில பக்கங்களுக்கு விழுந்து விழுந்து சிரிக்கும், சில பக்கங்களுக்கு "நான் இப்படிச் சொல்லவே இல்ல" என்று கோபப்படும். வாதாட வேண்டாம். எந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்கிறதோ அதைக் கிழித்துக் கொடுத்துவிடுங்கள். சொன்னது அந்தப் பிள்ளை, வார்த்தைகளும் அதனுடையவை. மிச்சப் பக்கங்களில் அடுத்த குறிப்பை இனி அதன் கையாலேயே எழுதவிடலாம். தம்பியோ தங்கையோ இருந்தால், கேள்வி கேட்கும் வேலையையும் கொடுத்துவிடுங்கள். "பண்ணியாச்சு, இன்னும் சரியாகல" என்கிற வாக்கியத்தை மட்டும் சொல்லிக்கொடுங்கள், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.